நாலு மணி அலாரம் வைப்பதற்கு முன்னால்

ஒரு பிளஸ் டூ பையனின் இயற்பியல் நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. காலை ஐந்தரை மணி பேட்ச்சில் எழுதியது. பக்கத்தின் மேலே ‘காஸ் விதி’ என்று அழகாகத் தலைப்பு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. நாலாவது வரியில் எழுத்து சாய ஆரம்பிக்கிறது, ஆறாவது வரியில் ‘மின்னூட்டம்’ என்ற சொல்லின் கடைசி ‘ம்’ ஒரு கோடாக நீண்டு மார்ஜின் பக்கம் இறங்கி நிற்கிறது, அப்புறம் மூன்று வரி வெற்றிடம், அதற்குக் கீழே மறுபடி ஒழுங்கான கையெழுத்து. அந்த மூன்று வரி இடைவெளியில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறான், நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. இதே பையன் சாயங்காலம் சந்தேகம் கேட்க வரும்போது, நான் ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளைக் கேட்பான். அவன் அம்மா என்னிடம் சொன்னது: “ஞாயிற்றுக்கிழமை ஆனா ஒன்பது மணி வரைக்கும் தூங்குறான் சார், சரியான சோம்பேறி, நீங்கதான் சொல்லணும்.”

அவனுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாற வேண்டியது நான் வைத்திருந்த நேரம் என்று புரிய எனக்குத்தான் இரண்டு வருடம் ஆனது. இப்போது அந்த பேட்ச் சாயங்காலம் ஆறரைக்கு நடக்கிறது. ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதனால் அவன் மார்க்கைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நோட்டில் வெற்றிடங்கள் நின்றுபோயின, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

காலையில் படிப்பது நல்லதா, ராத்திரி படிப்பது நல்லதா என்று நம் வீடுகளில் எத்தனையோ காலமாக ஒரு சண்டை நடக்கிறது. நான் படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்: எந்த வேளையில் படிக்கிறோம் என்பது இரண்டாவது விஷயம். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குத் தூங்கி எழுகிறோமா, அந்தத் தூக்கம் முழுசாக இருக்கிறதா, இதுதான் முதல் விஷயம். இது சரியாக இருந்தால் காலைக்காரரும் ஜெயிக்கலாம், ராத்திரிக்காரரும் ஜெயிக்கலாம். இதை எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன், மாணவர்களுக்கும் சேர்த்து, அவர்களை எழுப்பப் போராடும் அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்து.

உள்ளே ஓடும் கடிகாரம்

தொட்டாற்சிணுங்கிச் செடியைத் தொட்டால் சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் தொடாமலே அது ராத்திரியில் இலை மூடி, பகலில் விரியும். 1729-ல் தெ மெரான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டுக்குள்ளேயும் பகல் வேளையில் இலை விரிந்தது, இரவு வேளையில் மூடியது. சூரியனைப் பார்க்காமலே செடிக்கு நேரம் தெரிந்திருந்தது. மனிதர்களுக்கும் இப்படித்தானா என்று பார்க்கும் ஆய்வு நம் மதுரையிலேயே நடந்திருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், பகல் வெளிச்சமோ வெளிச் சத்தமோ கடிகாரமோ எட்டாத தனி அறைகள் அமைத்து, தன்னார்வலர்களை வாரக்கணக்கில் அங்கே தங்கவைத்து, அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எப்போது எழுகிறார்கள் என்று குறித்தார். மணி தெரியாவிட்டாலும் மனிதர்கள் கண்டபடி தூங்குவதில்லை, உள்ளே ஒரு தாளம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

அந்தத் தாளத்தின் தலைமையிடம் மூளைக்குள், கண் நரம்புகள் இரண்டும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு துளி. அது மட்டுமில்லாமல் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. நமக்கு முக்கியமானது என்னவென்றால், இந்தக் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது, தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டுத்தான் அது திருத்தப்படுகிறது. திருத்தாமல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவும். கோடை லீவில் பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளை பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது இதுதான்.

வயது வந்த பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. பருவமடையும் காலத்தில் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்காடன் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். தூக்கத்துக்கு அறிகுறி கொடுக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இந்த வயதில் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. அதனால் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டு “தூங்கு” என்றால் பதினாறு வயதுப் பையனால் முடியாது, ஐந்தாம் வகுப்பில் முடிந்தது, நாற்பது வயதில் அவன் அப்பாவுக்கும் முடிகிறது, அவனுக்கு இப்போது முடியாது. ஜெர்மனியில் டில் ரோனபெர்க் என்பவரின் குழு ஆயிரக்கணக்கானவர்களின் தூக்க நேரத்தைச் சேகரித்துப் பார்த்ததில், இந்தப் பின்தங்கல் இருபது வயதையொட்டி உச்சத்துக்குப் போய், பிறகு திரும்புவது தெரிந்தது. அதாவது பிளஸ் ஒன்னில் தொடங்கி காலேஜ் முடியும்வரை, நாம் எந்த வருடங்களில் “நாலு மணிக்கு எழுந்து படி” என்று அதிகமாகச் சொல்கிறோமோ, சரியாக அந்த வருடங்களில்தான் உடம்பு அதற்கு நேர் எதிராக நிற்கிறது. தயவுசெய்து இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் பிள்ளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலேஜ் வயதில் குறைந்தது 7.

முதலில் உங்கள் கடிகாரத்தைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும். இரண்டு வாரம், காலை எழுந்தவுடன், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினேன் (படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு, உத்தேசமாகத் தூங்கிய நேரத்தைப் போடுங்கள்), இன்று எத்தனை மணிக்கு எழுந்தேன், அலாரம் இருந்ததா என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். லீவு நாட்களில் அலாரம் வைக்காதீர்கள், வீட்டில் யாரும் எழுப்பக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. லீவு நாளில் ராத்திரி 12.30-க்குத் தூங்கி 9 மணிக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை மணி நேரம். அதன் நடுப்புள்ளி 4.45. பள்ளி நாளில் 11.30-க்குத் தூங்கி 5 மணிக்கு எழுகிறீர்கள். ஐந்தரை மணி நேரம், நடுப்புள்ளி 2.15. இரண்டுக்கும் இடையில் இரண்டரை மணி நேர வித்தியாசம். நமக்கும் சவூதியின் ரியாத்துக்கும் உள்ள நேர வித்தியாசமும் சரியாக இரண்டரை மணிதான். ஆக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் உங்கள் உடம்பு ரியாத்துக்குப் போய் இறங்குகிறது, திங்கள் காலை சென்னைக்குத் திரும்புகிறது, விமான டிக்கெட் மட்டும்தான் இல்லை. இந்த வித்தியாசத்துக்கு ரோனபெர்க் குழு வைத்த பெயரே சமூக ஜெட்லாக்.

வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டைத் தாண்டினால் கண்டிப்பாக வேலை இருக்கிறது. சிகாகோவின் நார்த்ஈஸ்டர்ன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 15,000 மாணவர்கள் கல்லூரியின் இணையப் பாடத்தளத்துக்குள் எந்த நேரத்தில் நுழைகிறார்கள் என்ற பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள், 2018-ல் வெளிவந்த ஆய்வு. வகுப்பு இல்லாத நாளின் இயல்பான நேரமும் வகுப்பு நாளின் நேரமும் எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்கு மதிப்பெண் குறைவாக இருந்தது. காலைக்காரர்களை மாலை வகுப்பில் உட்காரவைத்தாலும் இழப்புதான், ஆனால் அதிக அடி வாங்கியது ராத்திரிக்காரர்கள். அதற்கு முந்தைய வருடம் ஹார்வர்டில் 61 மாணவர்களை ஒரு மாதம் கவனித்ததில், ஒழுங்கில்லாமல் தூங்கியவர்களின் மதிப்பெண் ஒழுங்காகத் தூங்கியவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்களின் மெலடோனின் சுரப்பே தள்ளிப்போயிருந்தது.

நாலு மணி அலாரம் என்ன செய்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது நினைத்துச் செய்து கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

இயல்பாக நாம் கண் விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். கவனமும் வேகமும் அந்த வேளையில்தான் அடிமட்டத்தில் கிடக்கும். இயல்பாக ஐந்தரைக்கு எழும் தாத்தாவுக்கு அது ராத்திரி மூன்றையொட்டி வந்து போய்விடும், அதனால் அவர் நாலரைக்கு எழுந்தால்கூடத் தெளிவாக இருப்பார். லீவில் ஒன்பது மணிக்கு எழும் பேரனுக்கு அந்த அடிமட்டம் வருவதே காலை ஆறரையையொட்டி. நாலு மணிக்கு அவனை எழுப்புவது தாத்தாவை நள்ளிரவு பன்னிரண்டரைக்கு எழுப்பிச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்வது மாதிரி.

சரி, எழுந்துவிட்டான், டியூப்லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். இப்போது இன்னொன்று நடக்கிறது. அந்த அடிமட்ட நேரத்துக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், அதாவது அன்று ராத்திரி சீக்கிரம் தூக்கம் வரும். அடிமட்டத்துக்கு முன்னால் படும் வெளிச்சம் அதையே பின்னுக்குத் தள்ளும். நாலு மணி டியூப்லைட், இந்தப் பையனுக்குத் தப்பான பக்கத்தில் விழுகிறது. உடம்பு அதை விடியல் என்று எடுத்துக்கொள்வதில்லை, இன்னும் சாயங்காலம் முடியவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, சீக்கிரம் எழுந்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்ற நம் கணக்கு இங்கே பலிப்பதில்லை, தூக்கம் மட்டும் குறைகிறது.

மூன்றாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. ராத்திரித் தூக்கத்தின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் கனவுத் தூக்கம் அதிகம். படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. கடைசிப் பகுதியை வெட்டினால் எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைவதில்லை, கனவுத் தூக்கமே பெரும்பகுதி போய்விடுகிறது. தூக்கத்துக்கும் ஞாபகத்துக்கும் உள்ள இந்த உறவு புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1924-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யவைத்துப் பார்த்தார்கள். படித்துவிட்டுத் தூங்கி எழுந்தபோது நினைவில் நின்றது, அதே அளவு நேரம் விழித்திருந்தபோது நின்றதைவிடத் தெளிவாக அதிகம்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை தானாகவே ஒன்பதரைக்குச் சொக்கி விழுந்து, நாலரை ஐந்துக்கு அலாரம் இல்லாமல் பளிச்சென்று எழுகிற பிள்ளை என்றால் அந்தக் காலை நேரம் அவளுக்குத் தங்கம், அதில் கைவைக்காதீர்கள். அவளை “எல்லாரும் பன்னிரண்டு வரைக்கும் படிக்கிறாங்க, நீ மட்டும்” என்று உட்காரவைப்பதும் இதே தப்புதான்.

கடிகாரத்தை நகர்த்துவது எப்படி

பள்ளி எட்டரைக்கு, பஸ் ஏழே காலுக்கு என்றால் ஒன்பது மணி வரை தூங்க முடியாது, அது நிஜம். ஆகவே கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக. எழும் நேரத்தைப் பிடியுங்கள், தூங்கும் நேரத்தைப் பிடிக்காதீர்கள். தூக்கத்தை வரவழைக்க நம்மால் முடியாது, எழுந்திருக்க முடியும். இப்போது இயல்பாக எட்டரைக்கு எழுகிறவர் நாளைக்கே ஐந்துக்கு என்று முடிவெடுத்தால் மூன்றாம் நாள் எல்லாம் உடைந்துவிடும். எட்டே கால், இரண்டு நாள் கழித்து எட்டு, அப்புறம் ஏழே முக்கால், இப்படிப் பதினைந்து நிமிடமாக நகருங்கள். ஆறு மணிக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும். கோடை லீவின் கடைசி மூன்று வாரம் இதற்கு அருமையான நேரம், பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை செய்யப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது.

எழுந்தவுடன் வெளியே போங்கள். இந்த முழுக் கட்டுரையிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். மொட்டை மாடி, வாசல், தெருமுனைப் பால் கடை, எதுவானாலும் இருபது முப்பது நிமிடம் வானம் தெரிய இருக்க வேண்டும். வீட்டுக்குள் டியூப்லைட் எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெளியே மேகமூட்டமான காலையில்கூடப் பல ஆயிரம் லக்ஸ். கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, கடிகாரத்துக்கு நன்றாகத் தெரியும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. பல் துலக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, டீ குடிப்பது, நேற்றுப் படித்ததை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது, எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். சென்னையில் வருடம் முழுக்கச் சூரிய உதயம் ஏறக்குறைய 5.45-க்கும் 6.35-க்கும் இடையில்தான் இருக்கிறது, லண்டன் பிள்ளைகளைப் போல டிசம்பரில் எட்டு மணி வரை இருட்டில் தவிக்க வேண்டியதில்லை. இந்த வசதியை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

லீவு நாளிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நீளமாகத் தூங்கினால்தான் வாரக் கடன் அடையும் என்று தோன்றும், ஆனால் பத்து மணிக்கு எழுந்தவருக்கு அன்று ராத்திரி பதினொன்றுக்குத் தூக்கம் வராது, திங்கள் மறுபடி கண்ணெரிச்சலோடு தொடங்கும். கடனை ஞாயிறு மதியம் ஒரு சின்னத் தூக்கத்தாலும், சனி ஞாயிறு ராத்திரி சீக்கிரம் படுப்பதாலும் அடைப்பது நல்லது.

ராத்திரிப் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் சண்டை வருவது அங்கேதான். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பெரிய வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கில் மஞ்சள் பல்பு போட்டுப் படியுங்கள். விழித்திரையில் நீல வெளிச்சத்துக்கு அதிகம் அசையும் சில செல்கள் இருக்கின்றன, அவை நேராகத் தலைமைக் கடிகாரத்துக்குச் சேதி அனுப்பும், போன் திரை முகத்துக்கு அருகில் இருப்பதால் அது இன்னும் மோசம். போனில் வெளிச்சம் மட்டும் பிரச்சினை இல்லை, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று மனசு ஓடுவதும் சேர்த்துத்தான். போனைப் பிடுங்கினால் சண்டை வரும். எங்கள் வீட்டில் ஹாலில் ஒரு சார்ஜர் வைத்தோம், பத்து மணிக்கு எல்லோர் போனும் அங்கே, என் போனும் சேர்த்து. அலாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய்க் கடிகாரம். என் போனும் அங்கே போனதால்தான் அது நடந்தது.

காபி, டீயைச் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு “படிக்கிற பிள்ளை” என்று அன்பாகக் கொண்டுவந்து வைக்கும் டம்ளரில் பாதி, நள்ளிரவிலும் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரே அறை, அதில் டிவி, மூலையில் பாய் என்று இருக்கும் வீடுகளில் இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். என் மாணவர்களில் பாதிப்பேர் வீடு அப்படித்தான். அங்கே ஒரு பழைய புடவையைக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிடுவது, கண்ணுக்கு மேல் ஒரு மெல்லிய பருத்தித் துண்டு, பத்தரைக்கு மேல் டிவி சத்தம் இல்லை என்று வீட்டில் ஒரு பேச்சு, இந்த மூன்றே நிறைய மாற்றும். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா கதவைத் தட்டாமல் திறக்க ஒரு சாவி கையில் வைத்துக்கொள்வதும் பிள்ளையின் படிப்புக்குச் செய்யும் உதவிதான்.

எந்தப் பாடத்தை எங்கே வைப்பது

இரண்டு வார நோட்டில் இன்னொரு பத்தி சேருங்கள்: எந்த மணியில் கணக்கு தடையில்லாமல் ஓடியது, எந்த மணியில் ஒரே வரியை மூன்று முறை படித்தேன். பெரும்பாலும் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒரு நல்ல வேளை வரும், மதியம் சாயும், சாயங்காலம் மறுபடி ஏறும். ராத்திரிக்காரர்களுக்கு அந்தச் சாயங்கால ஏற்றம்தான் பெரியது. அந்த ஏற்றத்தில் கணக்கு, இயற்பியல் கணக்கீடு, புரியாத புதுப்பாடம். நிறையப் பேர் அந்த நேரத்தில் நோட்டை அழகாக எழுதுவது, ரெக்கார்டில் படம் வரைவது என்று செலவழித்துவிட்டு, பதினொன்றரைக்குத் தொகை நுண்கணிதத்தைத் திறப்பார்கள், அங்கேதான் அழுகை வரும். ரெக்கார்டு வேலைக்குக் களைத்த மூளையே போதும். படுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் மனப்பாடப் பகுதிக்கு நல்லது, ஏற்கெனவே படித்த சூத்திரம், செய்யுள், வேதிச் சமன்பாடு என்று ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூங்குங்கள்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள், ஆனால் மதிய மயக்கத்துக்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை, சாப்பிடாதவருக்கும் அது வரும், கடிகாரத்திலேயே அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதோடு சண்டை போடாமல் மூன்று மணிக்குள் இருபது நிமிடம் படுத்து எழுங்கள், அலாரம் வைத்து. ஒரு மணி நேரம் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ நேரும், தலை கனக்கும், ராத்திரித் தூக்கமும் கெடும்.

தேர்வு வரும்போது

தேர்வு எந்த மணிக்கு என்று பாருங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள் கையில், 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். நீட் மதியம் 2 மணிக்கு, பள்ளம் விழும் அதே நேரத்தில். ஜேஇஇ மெயின் காலை 9 அல்லது மதியம் 3. ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்துக்கு இரண்டு மாடல் தேர்வையாவது அதே மணியில் எழுதுங்கள். நீட் எழுதுகிறவர்கள் ஏப்ரல் முழுக்க மதியம் தூங்கிப் பழகிவிட்டு, மே மாதம் அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு மணிக்கு விழித்திருக்கச் சொன்னால் உடம்பு கேட்காது. அந்த மாதம் மட்டும் குட்டித் தூக்கத்தைப் பன்னிரண்டரைக்கு முன்னால் நகர்த்திவிடுங்கள், சாப்பாட்டை இலேசாக்குங்கள், இரண்டு முதல் ஐந்து வரை உயிரியல், வேதியியல், இயற்பியல் கேள்விகளோடு உட்காருங்கள்.

பள்ளி, ஹாஸ்டல், டியூஷன் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே பெரிய வகுப்புகள் எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016-ல் மேல்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியது. பிள்ளைகள் இன்னும் லேட்டாகத் தூங்குவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் அளந்து பார்த்தபோது தூக்கம் தினமும் 34 நிமிடம் கூடியிருந்தது, ஆய்வு நடந்த வகுப்புகளில் மதிப்பெண் 4.5 சதவீதம் அதிகமாக இருந்தது. மேல்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்பதை கலிபோர்னியா 2022 முதல் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நாலரைக்கு மணி அடித்து ஸ்டடி ஹாலில் போர்வையோடு உட்காரவைக்கும் ஹாஸ்டல்களில் அந்த ஒன்றரை மணி நேரம் எத்தனை பக்கம் உண்மையில் தலைக்குள் போகிறது என்று ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள், அன்று காலை படித்ததிலிருந்து மாலையில் ஐந்து கேள்வி கேட்டால் போதும்.

இத்தனையும் செய்த பிறகும் மாதக்கணக்கில் ராத்திரி இரண்டு மூன்றுக்கு முன் தூக்கமே வரவில்லை, அல்லது எட்டு மணி நேரம் தூங்கியும் வகுப்பில் தலை தொங்குகிறது, சத்தமாகக் குறட்டை விடுகிறது, பிள்ளை எதிலும் ஆர்வமில்லாமல் ஒதுங்குகிறது என்றால், மருத்துவரிடம் போங்கள். கடையில் மெலடோனின் மாத்திரை வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள்.

கடைசியாக, தேர்வுக்கு முந்தின ராத்திரி. பன்னிரண்டாகிறது, தூக்கம் வரவில்லை, நாளைக்கு எல்லாம் போய்விடும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு வேதியியல் வகுப்பில் ஏறக்குறைய நூறு மாணவர்களின் கையில் தூக்கம் அளக்கும் பட்டை கட்டி ஒரு செமஸ்டர் முழுக்கப் பார்த்தார்கள், 2019-ல் வெளிவந்தது. தேர்வுக்கு முந்தின ஒரு ராத்திரி எவ்வளவு தூங்கினார்கள் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்தப் பாடம் நடந்த வாரங்களில் எவ்வளவு தூங்கினார்கள், எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதற்குத்தான் தெளிவான தொடர்பு இருந்தது. அதனால் புத்தகத்தைத் திரும்பத் திறக்காமல், மணி பார்க்காமல், விளக்கை அணைத்துக் கண்ணை மூடிப் படுத்திருங்கள். வழக்கமான நேரத்துக்கு எழுந்து, இட்லியைத் தட்டில் வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் மொட்டை மாடிக்குப் போங்கள்.